பழைய கார், புதிய கடன்: பழுது தெரிய வந்தால் யார் பொறுப்பு?

2025 பெப்ரவரியில் என் வீட்டுக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. அனுப்பியது ஒரு நிதி நிறுவனம். மூன்று மாதத் தவணை நிலுவையில் இருப்பதாகவும், குறித்த நாட்களுக்குள் செலுத்தாவிட்டால் வாகனம் மீளக் கைப்பற்றப்படும் என்றும், பிணையாளர் என்ற வகையில் என் மீதும் சட்ட நடவடிக்கை எடுக்கப்படும் என்றும் அதில் எழுதியிருந்தது. அந்தக் காரை நான் ஓட்டியதில்லை. எங்கள் பாடசாலையின் சக ஆசிரியர் ஒருவருக்காகப் பிணைக் கையெழுத்து வைத்ததைத் தவிர, எனக்கும் அந்தக் காருக்கும் வேறு எந்தத் தொடர்பும் இல்லை.

நடந்தது இதுதான். 2024 ஓகஸ்டில் அவர் ஒரு கார் சேலில் ஜப்பானில் இருந்து வந்த சிறிய கார் ஒன்றை 38 இலட்சம் ரூபாவுக்கு வாங்கினார். மனைவியின் நகை, சீட்டுக் காசு எல்லாம் சேர்த்து 23 இலட்சம் முற்பணம். மீதி 15 இலட்சம் லீசிங். ஐந்து வருடத்துக்கு மாதம் 38,000 ரூபா சொச்சம். ஒக்டோபர் முதல் வாரம் முன் டயர் ஒன்று ஒரு பக்கமாகத் தேய்வதைக் கண்டு சக்கரச் சீரமைப்புக்குக் கொண்டு போனார். அங்கிருந்த பாஸ் காரைத் தூக்கிப் பார்த்துவிட்டு, முன்பகுதி வெட்டி ஒட்டப்பட்டிருப்பதைக் காட்டினார். மேலும் தேடியபோது காற்றுப்பையே இல்லை. எச்சரிக்கை விளக்கு எரியாமல் இருக்க ஒரு சின்னத் தடையியை மட்டும் பொருத்தி வைத்திருந்தார்கள். அந்தக் காரில்தான் அவர் தன் மூன்று பிள்ளைகளையும் தினமும் பாடசாலைக்கு ஏற்றி வந்தார்.

கார் சேல்காரர் சொன்னார்: “நாங்க புரோக்கர் வேலதான் செஞ்சம் சேர். ஓனரோட கதைங்க.” ஓனர் சொன்னார்: “நான் வாங்கக்குள்ளயே அப்பிடித்தான்.” நிதி நிறுவனம் சொன்னது: “வாகனத்தைத் தெரிவு செய்தது நீங்கள்தானே.” கடைசியில் நண்பர்கள் சிலர் ஒரு யோசனை சொன்னார்கள்: “கட்டுறத நிப்பாட்டுங்க, அப்பதான் அவனுகளுக்கு சூடு வரும்.” அவரும் நிறுத்தினார். சூடு வந்தது அவருக்கும் எனக்கும்தான்.

இந்தக் கட்டுரையை எழுதக் காரணம் அந்தத் தபால். இதே பிரச்சினையில் நம் ஊர்களில் பலர் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் அநேகமானோர் செய்யும் முதல் காரியம் தவணையை நிறுத்துவதுதான். சட்டம் நமக்குத் தரும் ஆயுதங்கள் வேறு இடத்தில் இருக்கின்றன. அவை எங்கே இருக்கின்றன, எங்கே இல்லை என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஏன் இப்போது இந்தப் பிரச்சினை?

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கான கதவு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். ஏறக்குறைய ஐந்து வருடங்கள் நாட்டுக்குள் இருந்த அதே வாகனங்கள்தான் கை மாறி, கை மாறிச் சுற்றின. மோதி நொறுங்கியவற்றையும் கூட ஒட்டி, பெயின்ட் அடித்து விற்றால் நல்ல விலை கிடைத்த காலம் அது. வேறு நாட்டில் இரும்புக் கடைக்குப் போயிருக்க வேண்டிய வாகனங்கள் இங்கே கார் சேல் வாசலில் பளபளத்தன. இறக்குமதி திறந்த பிறகும் வரிச் சுமையால் புதிய வாகனம் நடுத்தர வருமானக்காரருக்கு எட்டவில்லை. ஆகவே பழைய வாகனச் சந்தைக்குத்தான் நாம் போகிறோம்.

அதன் மேல் 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. களனி ஆற்றுப் படுகை, கம்பளை என்று எத்தனையோ இடங்களில் வீடுகளோடு வாகனங்களும் நீரில் மூழ்கின. மூழ்கிய வாகனத்தைக் கழுவிக் காய வைத்தால் பார்வைக்கு ஒன்றும் தெரியாது. வயர் இணைப்புகளில் பச்சை பிடிப்பதும், மின்னணுப் பெட்டிகள் ஒவ்வொன்றாகச் செயலிழப்பதும் மாதக் கணக்கில் மெல்ல வெளிவரும் நோய்கள். ஹைபிரிட் வாகனமானால் ஆபத்து இன்னும் அதிகம். இந்த வாகனங்கள் எல்லாம் எங்கேயோ போய்த்தான் சேரும். அடுத்த சில வருடங்களுக்கு இந்தக் கேள்வி நம் எல்லோர் வீட்டு வாசலுக்கும் வரக்கூடும்.

லீசிங்கில் வாங்கியவர் யார்?

காசு கொடுத்து நேரடியாக வாங்கினால் இரண்டு தரப்பு மட்டும்தான்: விற்றவர், வாங்கியவர். லீசிங்கில் மூன்று தரப்பு. விற்பவர் தன் பற்றுச்சீட்டை நிதி நிறுவனத்திடம் கொடுத்து மீதிப் பணம் முழுவதையும் ஒரேயடியாகப் பெற்றுக்கொள்கிறார். நிதி நிறுவனம் வாகனத்தின் முழு உரிமையாளராகிறது. பதிவுப் புத்தகத்தைப் பாருங்கள்: முழு உரிமையாளர் என்ற இடத்தில் நிறுவனத்தின் பெயர் இருக்கும், பதிவுசெய்யப்பட்ட உரிமையாளர் என்ற இடத்தில் நம் பெயர். நாம் நிறுவனத்தின் வாகனத்தை மாதக் கட்டணம் கட்டிப் பாவிக்கிறோம். கடைசித் தவணை முடிந்த பிறகுதான் அது நமதாகும்.

இதன் விளைவு என்ன? பழுதுக்குக் காரணமானவரின் கையில் பணம் ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டது. நாம் தவணையை நிறுத்தினால் அவருக்கு ஒரு சதமும் நட்டமில்லை. நட்டப்படுவது நிதி நிறுவனம். அதன் ஒப்பந்தமோ மிகத் தெளிவாக இருக்கும்: வாகனத்தைத் தெரிவு செய்தது வாடிக்கையாளர், அதன் தரத்துக்கு நிறுவனம் பொறுப்பல்ல, வாகனம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் தவணை கட்டப்பட வேண்டும். தவணை தவறினால் வாகனத்தை சீஸ் பண்ணுவார்கள். ஏலத்தில் விற்ற காசு கடனுக்குப் போதாவிட்டால் மிச்சத்தையும் நம்மிடம் கேட்பார்கள். கொடுகடன் தகவல் பணியகத்தில், நாம் கிரிப் என்று சொல்லும் இடத்தில், கடன் பெற்றவர் பெயரும் பிணையாளர் பெயரும் பதிவாகும். நாளைக்கு வீட்டுக் கடன் கேட்டுப் போகும்போது அது முன்னால் வந்து நிற்கும்.

இந்த ஏற்பாடு இலங்கையில் மட்டும் உள்ளதல்ல. நிதிக் குத்தகை பற்றிய 1988ஆம் ஆண்டு ஒட்டாவா சர்வதேச சமவாயமும் இதே அடிப்படையில்தான் எழுதப்பட்டது. குத்தகை பெறுபவர் தானே பொருளைத் தெரிவு செய்வதால், நிதி கொடுப்பவர் பொதுவாகப் பொருளின் தரத்துக்குப் பொறுப்பல்ல. ஆனால் அதே சமவாயம் இன்னொன்றையும் சொல்கிறது. விற்பவரின் கடமைகள் குத்தகை பெறுபவருக்கும் நேரடியாக உரியவை. அத்துடன், பொருளையோ விற்பவரையோ தெரிவு செய்வதில் நிதி கொடுப்பவரின் திறமையை நம்பி வாடிக்கையாளர் நட்டப்பட்டிருந்தால் நிதி கொடுப்பவரும் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. நம் நாட்டில் இந்தத் துறையை ஆள்வது 2000ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க நிதிக் குத்தகைக்கு விடுதல் சட்டம். உங்கள் பிரச்சினையை ஒரு சட்டத்தரணியிடம் கொண்டு போனால், அந்தச் சட்டத்தின் கீழ் விற்றவரை நோக்கி நான் நேரடியாகக் கோரிக்கை வைக்கலாமா என்பதையே முதல் கேள்வியாகக் கேளுங்கள். நிதி நிறுவனத்தின் முகவரே “இந்த கார் சேலில்தான் எடுங்கள்” என்று உங்களை அனுப்பியிருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். அது சின்ன விடயம் அல்ல.

சட்டம் கையில் தந்திருப்பது

முதலாவது, 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டம். அந்த வகைப் பொருளைத் தொழிலாக விற்பவர் விற்றால், அது விற்பனைக்குத் தகுந்த தரத்தில் இருக்க வேண்டும் என்பது எழுதாவிட்டாலும் ஒப்பந்தத்தில் அடங்கும் நிபந்தனை. பழைய பொருளாயினும் இது பொருந்தும். ஆனால் வாங்கியவர் பரிசோதித்துப் பார்த்திருந்தால், அந்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்குப் பிறகு முறையிட முடியாது. பம்பரில் இருந்த கீறலைப் பற்றி மூன்று வாரம் கழித்துப் பேச முடியாது. பெயின்டுக்குக் கீழே மறைத்த ஒட்டு வேலை அப்படியல்ல. ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப் போய்ப் பார்த்தீர்கள்தானே என்று விற்றவர் சொல்வார். சாதாரணப் பரிசோதனையில் தெரியாத குறை இது என்பதே அதற்குப் பதில்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. குறையைக் கண்ட பிறகும் நியாயமான காலத்துக்குள் மறுப்புச் சொல்லாமல் பொருளை வைத்திருந்தால், நாம் அதை ஏற்றுக்கொண்டதாகச் சட்டம் கருதும். பிறகு நட்டஈடு கேட்கலாம், பொருளைத் திருப்பிக் கொடுக்கும் வாய்ப்பு போய்விடும். வாய்ப் பேச்சில் வாரங்களைக் கடத்துவது விற்றவருக்கே இலாபம்.

இரண்டாவது, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம். வர்த்தகர் ஒருவர் ஏமாற்றும் விதத்தில் நடப்பதையும், பொருளின் தரம், பாவனை, வரலாறு போன்றவை பற்றிப் பொய் சொல்வதையும் அது தடை செய்கிறது. மீற்றரைப் பின்னோக்கித் திருப்பி 1,40,000 கிலோமீற்றர் ஓடியதை 62,000 என்று காட்டுவதும் இதில் அடங்கும். வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ கொடுத்த உத்தரவாதத்துக்கு மாறான பொருளை விற்றால், அதிகார சபை விசாரணை செய்து நட்டஈடு வழங்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ உத்தரவிடலாம். உத்தரவுக்குப் பணியாவிட்டால் மஜிஸ்ட்ரேட் நீதிமன்றத்தினூடாக அறவிடவும் வழி உண்டு. சட்டத்தரணிக்குச் செலவழிக்கத் தேவையில்லை.

ஆனால் முறைப்பாடு எழுத்தில், விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் செய்யப்பட வேண்டும். மூன்று மாதம் குறை தெரிந்த நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை, விற்ற நாளிலிருந்து எண்ணப்படுகிறது. என் சக ஆசிரியர் குறையைக் கண்டபோது இன்னும் ஐந்து வாரங்கள் அவர் கையில் இருந்தன. கார் சேலுக்கும் ஓனர் வீட்டுக்கும் நிதி நிறுவனத்துக்கும் நடந்து அந்த ஐந்து வாரமும் போனது. அந்த மூன்று மாதக் கணக்கு அவருக்கும் தெரியாது, பிணை வைத்த எனக்கும் தெரியாது. பாடசாலையில் பிள்ளைகளுக்குக் குடியியல் சொல்லிக் கொடுப்பவர்கள் நாங்கள்.

மூன்றாவது, 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க, ஒப்பந்தங்களில் நியாயமற்ற நிபந்தனைகள் பற்றிய சட்டம். “உள்ளது உள்ளபடி விற்கப்பட்டது, பிறகு எந்தப் பொறுப்பும் இல்லை” என்று பற்றுச்சீட்டின் அடியில் ஒரு வரி அச்சடித்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று பல வியாபாரிகள் நினைக்கிறார்கள். நாமும் அப்படியே நம்பிவிடுகிறோம். பாவனையாளருக்கு எதிராக அப்படிக் கைகழுவுவதை இந்தச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. அந்த வரியைக் கண்டு பின்வாங்க வேண்டியதில்லை.

இவை எல்லாம் தொழிலாக விற்பவருக்கு எதிராகத்தான் முழுப் பலத்தோடு நிற்கும். தனி நபரிடம் வாங்கினால் நிலை வேறு. அங்கே அவர் தெரிந்தே பொய் சொன்னார், அல்லது எழுத்தில் உறுதி தந்தார் என்பதை நாம்தான் நிரூபிக்க வேண்டும். இதனால்தான் கார் சேல்காரர், பிரச்சினை வந்தவுடன், “நான் புரோக்கர்தான்” என்று சொல்கிறார். வாகனம் அவருடைய இடத்தில் நின்றது, விளம்பரம் அவருடையது, விலை பேசியது அவர், முற்பணம் வாங்கியதும் அவர். ஆனால் பற்றுச்சீட்டில் பெயர் ஓனருடையது. ஆகவே முற்பணத்துக்கான பற்றுச்சீட்டை கார் சேலின் பெயரிலேயே, முத்திரையோடு வாங்குங்கள். விளம்பரத்தை அன்றே படம் பிடித்து வையுங்கள். பின்னர் “நான் வெறும் புரோக்கர்” என்ற பேச்சுக்கு அவையே பதில் சொல்லும்.

ஒரு கையெழுத்தின் கதை

லீசிங் ஆவணங்களின் கட்டுக்குள் ஒரு தாள் இருக்கும். “வாகனத்தைப் பரிசோதித்து, நல்ல நிலையில், திருப்தியோடு பெற்றுக்கொண்டேன்” என்று அதில் எழுதியிருக்கும். அந்தத் தாளைக் கண்ட பிறகுதான் நிறுவனம் விற்றவருக்குப் பணம் விடுவிக்கிறது. பலர் வாகனம் கைக்கு வர முன்னரே, மற்றத் தாள்களோடு சேர்த்து, பெருக்கல் அடையாளம் போட்ட இடத்தில் எல்லாம் கையெழுத்து வைத்துவிட்டு வருகிறார்கள். என் சக ஆசிரியரும் அப்படித்தான். ஆங்கிலத்தில் இருந்தது, அவசரம் என்றார்கள், வைத்தார். நானும் பிணைத்தாளில் அப்படித்தான் வைத்தேன்.

முழுக் கொடுக்கல் வாங்கலிலும் நம் பலம் அதிகமாக இருக்கும் நிமிடம் அதுதான். அந்தக் கையெழுத்து வரும் வரை விற்றவருக்குப் பணம் இல்லை. அதை வைத்த பிறகு யாருக்கும் நம் தேவை இல்லை. ஆகவே வாகனத்தைச் சுயாதீனமான ஒருவரிடம் தூக்கிப் பார்த்து, கணினி ஸ்கேன் அறிக்கை எடுத்து, பிறகு அந்தத் தாளில் கையெழுத்து வையுங்கள். புரியும் மொழியில் விளக்கம் கேளுங்கள். நிதி நிறுவனங்கள் வாடிக்கையாளருக்கு விளங்கும் வகையில் தகவல் தர வேண்டும் என்பது, இலங்கை மத்திய வங்கியின் 2023ஆம் ஆண்டின் நிதியியல் நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளின் அடிப்படை எதிர்பார்ப்பு. தமிழில் கேட்பதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை.

நிறுவனத்தின் மதிப்பீட்டு அறிக்கையை நம்பி ஏமாறுபவர்களும் உண்டு. “கம்பனியே ஆள் அனுப்பிப் பார்த்தது, பிழையென்றால் கடன் தந்திருப்பார்களா?” என்று கேட்கிறார்கள். அந்த மதிப்பீட்டாளர் பார்த்தது, கொடுக்கும் கடனுக்கு வாகனத்தின் சந்தை விலை போதுமா என்பதைத்தான். உங்கள் பிள்ளைகள் பயணிக்க அது பாதுகாப்பானதா என்பதை அல்ல.

ஜப்பான் வாகனமானால் அங்கத்தைய ஏல அறிக்கையைக் கேளுங்கள். அதில் ஆர் அல்லது ஆர்ஏ என்ற தரக் குறியீடு இருந்தால் விபத்துத் திருத்தம் நடந்த வாகனம் என்று பொருள். வெள்ளத்தில் மூழ்கியதா என்று பார்க்க, ஆசனப் பட்டியை முழுவதுமாக வெளியே இழுத்துப் பாருங்கள். அதில் நீர்க்கோடு தெரியலாம். உபரிச் சக்கரம் வைக்கும் குழி, ஆசனத்தின் கீழுள்ள தண்டவாளம், தரைவிரிப்பின் அடிப்பக்கம் ஆகியவற்றில் சேறும் துருவும் தேடுங்கள்.

பழுது தெரிந்துவிட்டது, இனி என்ன?

தவணையை நிறுத்தாதீர்கள். கசப்பான மருந்துதான், ஆனால் முதல் விதி இதுதான். தவணை கட்டுபவராக இருந்தால் நீங்கள் முறைப்பாட்டாளர். நிறுத்தினால் கடன் தவறியவர். பிறகு உங்கள் வாயில் வரும் நியாயம் எல்லாம் சாக்குப்போக்காகவே கேட்கும்.

காரைத் திருத்துவதற்கு முன் ஆதாரம் சேருங்கள். கராஜில் படம், காணொளி, தலைப்புத்தாளில் எழுதி வாங்கிய அறிக்கை, ஸ்கேன் பிரதி எல்லாம் தேவை. முதலில் திருத்திவிட்டுப் பிறகு முறையிட்டால் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது.

அதே வாரத்தில் மூன்று கடிதங்கள் பதிவுத் தபாலில் போக வேண்டும். ஒன்று கார் சேலுக்கு. இன்னொன்று பற்றுச்சீட்டில் பெயருள்ள உரிமையாளருக்கு. இவற்றில் என்ன குறை, எப்போது தெரிந்தது, என்ன கேட்கிறீர்கள், எத்தனை நாளுக்குள் என்பதைத் தெளிவாக எழுதுங்கள். மூன்றாவது நிதி நிறுவனத்துக்கு. அதில் நிறுவனத்தைத் திட்டத் தேவையில்லை. இந்த வாகனத்தின் உரிமையாளர் நீங்கள், உங்கள் சொத்தின் பெறுமதி நீங்கள் கொடுத்த விலையை விடக் குறைவு, விற்றவரிடம் இதைக் கேளுங்கள், அல்லது கேட்க எனக்கு எழுத்தில் அதிகாரம் தாருங்கள் என்று எழுதுங்கள். சட்டப்படி வாங்கியவர் நிறுவனம் என்பதால் விற்பனையை இரத்துச் செய்ய அதன் சம்மதம் தேவைப்படலாம். அந்த வாசலை ஆரம்பத்திலேயே தட்டி வைப்பது நல்லது.

மூன்று மாதம் முடிய முன்னர் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். 1977 என்ற இலக்கத்தில் விளக்கம் கேட்கலாம், மாவட்டச் செயலகங்களில் உள்ள அலுவலகங்களிலும் கேட்கலாம். தொலைபேசியில் சொல்வதோடு நின்றுவிடாதீர்கள். பிரச்சினை நிதி நிறுவனத்தின் நடத்தை பற்றியதானால், உதாரணமாக ஒப்பந்தப் பிரதி தர மறுத்தால் அல்லது மறைத்த கட்டணம் அறவிட்டால், முதலில் அந்த நிறுவனத்திடம் எழுத்தில் முறையிட்டு, தீர்வு இல்லையென்றால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்குப் போகலாம். அதன் இலக்கம் 1935. காருக்குள் இருக்கும் ஒட்டு வேலை பற்றி மத்திய வங்கியிடம் போய்ப் பயனில்லை. நிறுவனத்தின் நடத்தைக்கு ஒரு வாசல், விற்றவரின் மோசடிக்கு இன்னொரு வாசல்.

பொலிஸுக்குப் போனால் இது சிவில் பிரச்சினை என்று அனுப்பிவிடுவார்கள் என்பது பலரது அனுபவம். மீற்றர் மாற்றியது, செசி இலக்கத்தில் கைவைத்தது, ஆவணம் போலி என்பதற்கு ஆதாரம் இருந்தால் மோசடி முறைப்பாடாகப் பதியும்படி கேளுங்கள். அத்தகைய ஆதாரம் இல்லாவிட்டால் அதில் காலத்தைச் செலவழிக்காதீர்கள்.

இஜாரா என்றால் வேறா?

வட்டியைத் தவிர்க்க வேண்டும் என்று நம்மில் பலர் இஜாரா, முராபஹா முறைகளில் வாகனம் எடுக்கிறோம். அங்கே இந்தக் கேள்வியை இன்னும் உரத்துக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. இஜாராவில் நாம் கட்டுவது வாடகை. வாடகை நியாயமாவது உரிமையாளர் உரிமைக்குரிய அபாயத்தைச் சுமப்பதால்தான். முராபஹாவில் நிறுவனம் பொருளைத் தானே வாங்கித் தன்னுடைமையாக்கி நமக்கு விற்கிறது. அப்படியானால் விற்றவர் அந்த நிறுவனமே. குறை கண்டால் திருப்பிக் கொடுக்கும் உரிமையை, கியாருல் ஐப் என்று, நம் பிக்ஹு நூல்கள் நூற்றாண்டுகளுக்கு முன்பே விரிவாகப் பேசியுள்ளன. நடைமுறையில் நம்மையே நிறுவனத்தின் முகவராக்கி வாங்கச் செய்வதும், குறைகளுக்குப் பொறுப்பில்லை என்று ஒரு நிபந்தனை சேர்ப்பதும் வழக்கம். சரி, அப்படிச் செய்வதானால் விற்றவருக்கு எதிரான உரிமையை எழுத்தில் நமக்குக் கையளிக்கட்டும். கையெழுத்து வைக்க முன்னர் இதை அந்த நிறுவனத்தின் ஷரீஆ ஆலோசகர்களிடம் கேளுங்கள். நாம் கேட்காமல் அந்த நிபந்தனை மாறப் போவதில்லை.

விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் வாகன வியாபாரத்தில் நம்மவர்கள் ஏராளம். நபி (ஸல்) அவர்கள் சந்தையில் உணவுக் குவியலுக்குள் கைவிட்டு அடியில் ஈரத்தைக் கண்ட சம்பவம் நம் பிள்ளைகளுக்கும் தெரியும். மழையில் நனைந்தது என்று வியாபாரி சொன்னார். அது உண்மையாகவே இருக்கலாம். மழை அவருடைய குற்றமல்ல. ஈரத்தை அடியில் வைத்து உலர்ந்ததை மேலே வைத்ததுதான் குற்றமாகப் பார்க்கப்பட்டது. இன்று வெள்ளத்தில் மூழ்கிய வாகனத்தை விற்க நினைப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் இல்லை. வெள்ளம் யாருடைய பிழையும் அல்ல. மூழ்கியது என்று சொல்லி, அதற்கேற்ற விலைக்கு விற்பதில் இழுக்கு ஒன்றும் இல்லை.

மாற வேண்டியவை

நம் பொருட்கள் விற்பனைச் சட்டம் 1893ஆம் ஆண்டின் ஆங்கிலேயச் சட்டத்தைத் தழுவி எழுதப்பட்டது. அந்த இங்கிலாந்து இன்று அங்கே நிற்கவில்லை. அங்கே 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி குறையுள்ள பொருளை 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால் அது விற்கும்போதே இருந்ததாகக் கருதப்படும், இல்லை என்று நிரூபிப்பது விற்றவரின் வேலை. வாடகைக் கொள்வனவில் எடுத்த காரானால் அந்தப் பொறுப்பு நிதி நிறுவனத்தின் மீதே விழும், ஏனென்றால் சட்டப்படி பொருளை வழங்குபவர் அதுதான். நிதி நிறுவனத்துக்கே நட்டம் வரும் என்றால் அது மோசமான கார் சேல்களோடு வியாபாரம் செய்யுமா? சந்தையைச் சுத்தம் செய்ய ஆயிரம் பரிசோதகர்களை நியமிப்பதைவிட இது இலகுவான வழி.

அந்த அளவுக்கு உடனே போகாவிட்டாலும், சில சின்ன மாற்றங்களை நம் பிரதிநிதிகளிடம் கேட்கலாம். மூன்று மாதக் காலம், மறைந்திருந்த குறைகளுக்காவது, குறை தெரிந்த நாளிலிருந்து எண்ணப்படட்டும். தன் இடத்தில் வைத்து விற்பவர், யார் பெயரில் பற்றுச்சீட்டு இருந்தாலும், விற்பனையாளராகவே கருதப்படட்டும். மதிப்பீட்டு அறிக்கைக்குக் கட்டணம் கட்டுபவர் வாடிக்கையாளர் என்றால் அதன் பிரதியும் வாடிக்கையாளருக்குக் கிடைக்கட்டும். முழுச் சேதம் என்று காப்புறுதி நிறுவனம் பணம் கொடுத்த வாகனங்களின் விபரம் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவில், வாங்குபவர் பார்க்கக்கூடிய விதத்தில் சேரட்டும். சட்டம் வரும் வரை ஊர் மட்டத்திலும் ஒன்று செய்யலாம். விபத்து, வெள்ளம், மீற்றர் பற்றி விற்பவர் கையெழுத்திட்டுக் கொடுக்கும் ஒரு பக்கப் படிவத்தை நம் வர்த்தக சங்கங்கள் வழக்கமாக்கலாம்.

என் சக ஆசிரியரின் கதையை முடித்துவிடுகிறேன். சிக்கனக் கடன் எடுத்து நிலுவையைக் கட்டினார். ஒரு பங்கை நானும் கட்டினேன். பிறகு காரை விற்க முயன்றபோது புரோக்கர் ஒருவர் வந்தார். ஒரு 60,000 ரூபா செலவழித்து முன்பகுதிக்கு நல்லாப் பெயின்ட் அடித்தால், கேட்ட விலைக்கே கொடுத்துவிடலாம், யாருக்கும் தெரியாது என்றார். நண்பர் சம்மதிக்கவில்லை. ஒட்டு வேலையையும் காற்றுப்பை இல்லாததையும் சொல்லியே விற்றார். கிடைத்த காசு லீசிங் கணக்கை முடிக்கத்தான் போதுமாக இருந்தது. மனைவியின் நகை திரும்பி வரவில்லை. இப்போது பஸ்ஸில் வருகிறார். பிள்ளைகளும் அவரோடு பஸ்ஸில்தான் வருகிறார்கள்.

அவருக்கு முன் அந்தக் காரை வைத்திருந்தவர்களில் ஒருவராவது அப்படிச் சொல்லியிருந்தால், அல்லது எங்கள் இருவரில் ஒருவருக்காவது அந்த மூன்று மாதக் கணக்கு தெரிந்திருந்தால், அந்தப் பதிவுத் தபால் என் வீட்டுக்கு வந்திருக்காது. இதைப் படிப்பவர்களில் யாராவது இந்த வாரம் பழைய வாகனம் ஒன்றுக்காகக் கையெழுத்து வைக்கப் போகிறீர்கள் என்றால், அல்லது பிணை வைக்கப் போகிறீர்கள் என்றால், ஒரு நாள் பிந்திப் போங்கள். முதலில் காரைத் தூக்கிப் பாருங்கள்.